நடைக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்

அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்தாள். என் கணவருடைய இடது குதிக்காலை இரண்டு கையாலும் ஏந்தி வைத்திருந்தாள், பூசைக்குக் கொண்டு போகிற தாம்பாளத்தை ஏந்துவது போல. வெளியில் மழை விட்டுச் செம்மண் மணத்துக்கொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தி இவருடைய முகத்தைப் பார்த்தாள். "வில் யூ வோக் வித் மீ, அங்கிள்?" என்று கேட்டாள்.

இவர் கட்டில் விளிம்பில் இருந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னவாம்?"

"தன்னோடை நடப்பியளோ எண்டு கேக்கிறா."

"கேக்கிறாவோ? நட எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை. கேக்கிறா."

இவர் காலை அவளுடைய கையிலிருந்து இழுத்துக்கொள்ளவில்லை. அதுவரை யார் அந்தக் காலைத் தொட்டாலும் "விடு, விடு" என்பவர்.

இந்தக் கிழமைப் பத்தியில் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தோட்டத்தில் விழுந்தவர்

என் கணவர் உரும்பிராயில் தோட்டம் செய்கிறவர். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில் வரம்பிலே சரிந்து விழுந்தார். பாரிசவாதம் என்றார்கள். இடக்கையும் இடக்காலும் போய்விட்டன. பேச்சு மட்டும் தப்பியது. உயிர் தப்பியது பிள்ளையார் செயல். நான் அதை எங்கேயும் சொல்லுவேன்.

ஆஸ்பத்திரியால் வந்த புதிதில், நான் அடுப்படியில் நின்ற நேரம் பார்த்துத் தனியாக எழும்பப் போய் விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் அதோடு மனம் விட்டுப் போனது. தலகணியில் சாய்த்து இருத்தினால் இருப்பார். "எழும்புங்கோவன்" என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் நல்ல மனதுள்ள சிலர் நடத்துகிற ஒரு சிறிய நிலையத்திலிருந்து, கால் கைக்குப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஆள் வரும். அப்படி வந்தவள்தான் அனிஷா. தாய் தகப்பன் உடுப்பிட்டிப் பக்கம். இவள் இங்கிலாந்தில் பிறந்து அங்கேயே படித்தவள். சேவைக்கென்று சில மாதம் வந்திருந்தாள். அவளுடைய தமிழ், அம்மா, அப்பா, சாப்பாடு, போதும் என்கிற அளவோடு சரி.

வழமையாக அவளோடு வந்து தமிழில் சொல்லிக் கொடுக்கிற நிலையத்துத் தங்கச்சி பிள்ளைப்பேற்றுக்கு லீவில் நின்றுவிட்டாள். அதனால் அந்தப் பிள்ளைக்கும் இவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க அகப்பட்டது நான்.

அனிஷா எங்கள் பிள்ளையார் கோயில் தேர்த் திருவிழா முடியத் திரும்பிப் போக இருந்தாள். அவளுக்குப் பதிலாக வீட்டுக்கு வர வேறு ஆள் இல்லை என்று நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவள் நிற்கும்போதே இவர் ஓர் அடி எடுத்து வைத்தால் உண்டு. இல்லையென்றால் அந்தக் கட்டில்தான்.

எனக்குத் தெரிந்த இங்கிலிசு

என்னுடைய இங்கிலிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த காலத்தில், ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடம் நடந்தது. புத்தகம் இல்லை. ரீச்சர் கரும்பலகையில் ஒரு வரிசை எழுதிவிடுவா. கான், குட், மே, மைற், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ற். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு 'கோ'.

கான் கோ, குட் கோ, மே கோ என்று நாங்கள் ராகம் போட்டுப் பாடுவோம். தேவாரம் படித்த வாய்க்கு ராகம் தானாக வரும். பக்கத்துக் கொட்டிலில் கணக்குப் பாடம் எடுத்த மாஸ்ரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "ரீச்சர், எங்கையப்பா உதுகள் எல்லாம் கோ, கோ எண்டு நிக்குதுகள்? போறதுக்கு இடம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தோம். ரீச்சரும் சிரித்தா.

பாடினோமே தவிர, எதற்கு எது என்று எனக்கு விளங்கியதில்லை. எல்லாம் 'போகலாம்' என்கிற மாதிரித்தான் பட்டது. சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலிசு பெயில். பிறகு கலியாணம், தோட்டம், மாடு, கோயில். அந்த வரிசை எங்கோ அடியில் போய்க் கிடந்தது.

அனிஷா வந்து வாய் திறந்த முதல் நாளே அது எழும்பி வந்தது. 'கோ' இருந்த இடத்தில் இப்போது 'வோக்'.

மே

அன்றைக்கு இவரை உருட்டி, தடவி, முழங்காலை மடக்கிப் பார்த்து முடிய நான் துணிந்து கேட்டேன். "ஹி வில் வோக்?"

நடப்பார்தானே என்று கேட்டதாக என் நினைப்பு.

அவள் என் கையைப் பிடித்தாள். "ஹி மே வோக், ஆன்ரி."

"என்னவாம்?" என்று கட்டிலில் இருந்து குரல்.

"மே வோக் எண்டுறா."

"அதென்ன மே? அப்ப சித்திரை கழியத்தானோ?"

விழுந்ததற்குப் பிறகு இவர் சொன்ன முதல் பகிடி அது. நான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சரியான மனவருத்தம். நான் 'வில்' கேட்டேன், அவள் 'நடக்கலாம்' என்கிற அளவில் ஒரு 'மே' தந்தாள். பசித்து வந்தவனுக்கு அரைக் கரண்டி சோறு போட்ட மாதிரி.

பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவிடம் சொன்னேன். "இங்கிலாந்திலை படிச்சதெண்டால் நடக்கும் எண்டு அடிச்சுச் சொல்ல வேணும்" என்றா. "உதென்ன வைச்சிழுக்கிறது?"

அன்று பின்னேரம் விளக்கு வைக்கும்போதுதான் எனக்கு வேறு மாதிரிப் பட்டது. நாங்களே நாளைக்குத் தோட்டத்துக்குப் போவோம் என்றால்கூட 'பிள்ளையார் விட்டால்' என்று ஒன்று சேர்த்துத்தானே சொல்லுகிறோம்? நடப்பார் என்று சொல்லுகிற உரிமை யாருக்கு இருக்கிறது? அந்தப் பிள்ளை கோயில் குளம் அறியாமல் வளர்ந்தது. நெற்றியில் ஒரு பொட்டும் இல்லை. என்றாலும் தனக்குச் சொந்தமில்லாத சொல்லைச் சொல்லாமல் விட்டாளே. நாங்கள் ஒரு வசனம் போட்டுச் சொல்லுகிறதை அவள் ஓரெழுத்துச் சொல்லில் அடக்கிவிட்டாள்.

நான் விளக்குக்கு முன்னால் நின்று அதிசயப்பட்டேன்.

தேரும் வடமும்

அதற்குப் பிறகு அவள் வருகிற நாளெல்லாம் நான் அந்தச் சின்னச் சொற்களுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

ஒன்றைக் கவனித்தேன். வோக் என்பது அசையாது. முன்னால் எது வந்து நின்றாலும் அது வோக்தான். தேர் மாதிரி. தேர் தானாக ஒன்றும் செய்யாது. வடம் பிடிக்கிற ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம். மே பிடித்தால் ஒரு விதம், கான் பிடித்தால் ஒரு விதம், மஸ்ற் வந்து பிடித்தால் சனம் விலகி நிற்க வேண்டும்.

எங்கள் தமிழில் இந்தச் சங்கதியெல்லாம் வாலில் இருக்கிறது. நடப்பார், நடக்கலாம், நடக்க வேணும், நடக்கக் கூடாது. கடைசி மட்டும் கேட்டால்தான் நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ என்று தெரியும். இங்கிலிசுக்காரருக்கு அது கொம்பில் இருக்கிறது. கால் எடுத்து வைக்க முன்னமே மனம் தெரிந்துவிடும். எதையும் உயர்த்திச் சொல்லவில்லை. இரண்டும் ஆண்டவன் தந்தவைதான். இரண்டு வாசல் உள்ள கோயில் போல.

பூட்டாத சன்னல்

ஒருநாள் அவள் இவருடைய காலை நன்றாகச் சோதித்துவிட்டு, என்னை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள். "ஹி குட் வோக், ஆன்ரி."

எனக்குத் தலையில் இடி. கொட்டிலில் ரீச்சர் சொன்ன ஒன்று மட்டும் எனக்கு நினைவிருந்தது: கான் இப்போது, குட் முந்தி. அப்படியென்றால் முந்தி நடந்தவர், இனி இல்லை. அதுதான் குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறாள்.

இவருக்கு நான் சொல்லவில்லை. "என்னவாம் பிள்ளை?" என்று கேட்டதற்கு, "உப்பைக் குறைக்கட்டாம்" என்று சமாளித்தேன். அதற்குப் பிறகு அவள் திரும்பி வரும்வரை நான் சாமி அறையில் இருந்து அழுத அழுகை பிள்ளையாருக்குத்தான் தெரியும். உப்பில்லாத கறியைச் சாப்பிட்ட பாடு இவருக்குத் தெரியும்.

அடுத்த முறை அவள் வந்தபோது என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். நான் என் அரைகுறை இங்கிலிசில், குட் என்றால் முடிந்ததோ, பினிஷ்ஷோ என்று கேட்டேன். "நோ, நோ, ஆன்ரி!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள்.

பிறகு சுற்றிலும் பார்த்தாள். எழும்பிப் போய்ச் சன்னல் கதவைச் சாத்தினாள். கொழுக்கி போடவில்லை. வெறுமனே சாத்தினாள். சாத்திய கதவைக் காட்டி, "குட்" என்றாள். பிறகு ஒற்றை விரலால் மெல்லத் தள்ளினாள். கதவு திறந்து முற்றத்து வெளிச்சம் கட்டில்வரை விழுந்தது.

பூட்டில்லை. தள்ளினால் திறக்கும். தள்ளத்தான் ஆள் இல்லை.

காலில் பலம் வந்துவிட்டது, மனம்தான் இன்னும் தள்ளவில்லை என்பதைத்தான் அவள் அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், இவருக்கு நோகக் கூடாதென்று. ஒரு சின்னச் சொல்லுக்குள் இவ்வளவு இரக்கம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிஸ்கற்றோடு வந்தவர்கள்

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்த ஆட்களுக்கும் குறைவில்லை. பிஸ்கற்றும் தோடம்பழமும் கொண்டு வருவார்கள். கதிரையில் இருந்த உடனே தொடங்குவார்கள்.

"இவ்வளவு நாளிலை நடந்திருக்க வேணுமே, அண்ணை."

"எங்கடை ஒண்டுவிட்ட மச்சானுக்கு இதைவிடக் கடும். ஆள் இப்ப சைக்கிள் ஓடுது."

பரமேஸ் அக்கா வாசலில் நின்றபடியே, "உவருக்கு என்ன, சோறு இறங்குதுதானே? எழும்பி நடக்க வேண்டியதுதானே!" என்பா. அவவுக்கு முழங்கால் வருத்தம். ஒற்றைப் படி ஏறுவதற்கும் கதவு நிலையைப் பிடிப்பா.

அவ போனதும் இவர், "முதல் உவவை நடக்கச் சொல்லும், பின்னாலை நான் வாறன்" என்பார்.

எல்லோரும் அன்பால்தான் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் மஸ்ற் பிடித்தார்கள், ஷுட் பிடித்தார்கள். தேர் அசையவில்லை. நானும் அதைத்தான் பிடித்தேன்.

அனிஷா மஸ்ற் என்ற சொல்லை எடுத்தது ஒரே ஒரு விசயத்துக்குத்தான். "ஹி மஸ்ற் நொற் வோக் அலோன்." தனியாக நடக்கக் கூடாது. அதை மட்டும் விரல் நீட்டிச் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

"எங்கே போறீங்க?"

இனி அந்த மழை விட்ட நாளுக்கு வருகிறேன். தேருக்குக் கொடியேறிவிட்டது. லவுட்ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காற்றோடு வந்து வந்து போனது.

வில் யூ வோக் என்று அவள் கேட்டாள் என்று சொன்னேன் அல்லவா? நான் முதல் நாள் அவளிடம் கேட்டு வாங்க முடியாமல் போன அதே 'வில்'. அவள் எனக்குத் தரவில்லை. இவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து அதை இவரிடமே கேட்டாள். நடப்பார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இனி அது இவருடைய பாடு.

இவர் வலக்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினார்.

எழும்பினார்.

அனிஷாவின் கை இவருடைய இடுப்புப் பட்டியில். கால் நடுங்கியது, ஆனால் நின்றது. அவளுக்கு வந்த சந்தோசம் சொல்ல ஏலாது. அவள் இந்த நேரத்துக்கென்று போனில் கேட்டுக் கேட்டு ஒரு தமிழ் வசனம் பாடமாக்கி வைத்திருக்கிறாள். முகம் பூரித்து, தெளிவாக, சத்தமாகக் கேட்டாள்.

"அங்கிள், எங்கே போறீங்க?"

இவர் அப்படியே திரும்பக் கட்டிலில் இருந்துவிட்டார்.

வெளியூரில் இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில், ஒருவர் வெளிக்கிட்டுக் காலெடுத்து வைக்கிற நேரம் 'எங்கை போறியள்' என்று கேட்கவே மாட்டோம். கேட்டால் போன காரியம் தவறும் என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை. அறிய வேண்டுமென்றால் 'தூரமோ?' என்று கேட்போம். சொல்ல விருப்பமென்றால் அவர் சொல்லுவார். இவர் தோட்டத்தில் விழுந்த அன்று காலை, வேலிப் படலையில் இறங்கும்போது, விலாசம் தேடி வந்த வழிப்போக்கர் ஒருவர் "எங்கை ஐயா போறியள்?" என்று கேட்டிருக்கிறார். இவர் அதை அன்றிலிருந்து மறக்கவில்லை.

"கேட்டுப்போட்டாள்" என்றார். முகம் வெளுத்திருந்தது. "இனிச் சரிவராது. இண்டைக்கு விடு. விடச் சொல்லும் அவளை."

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"தெரியாமல் கேட்டாலும் கேட்டதுதான்."

அனிஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "வட் டிட் ஐ டூ, ஆன்ரி?"

இவருக்கும் அவளுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் நின்றேன். விட்டால் இன்றைக்கு மட்டும் இல்லை, எல்லாம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு வாய் திறந்தேன்.

"கோயிங் ரைம்," என்றேன். "வேர்… மஸ்ற் நொற் ஆஸ்க்."

போகிற நேரம் எங்கே என்று கேட்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆஸ்க் என்ற சொல்லோடு நான் இந்தச் சின்னச் சொற்களைச் சேர்த்ததே இல்லை. கொட்டிலில் பாடியது கோ. வீட்டில் கேட்டது வோக். வேறொரு தேரை அந்த வடம் எனக்கும் இழுத்துத் தந்தது.

அவள் கண்ணைத் துடைத்தாள். "வட் கான் ஐ ஆஸ்க்?"

"யூ கான் ஆஸ்க், தூரமோ."

"தூரமோ," என்றாள். 'ர' சறுக்கியது. திரும்பச் சொன்னாள். "தூரமோ."

தடங்கல் வந்தால் இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிடுகிறதும் எங்கள் வழக்கம்தான். நான் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். அவள் என்னிடமிருந்து அதை வாங்கித் தன் கையாலேயே இவருக்குக் குடிக்கக் கொடுத்தாள். பிறகு நான் சொல்லாமலேயே எழும்பி முற்றத்துக்கு இறங்கி, செருப்பைப் போட்டு, படலைவரை போய், திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். இப்போதுதான் வருகிற ஆள் மாதிரி. எங்கே படித்தாளோ.

கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று கேட்டாள். "அங்கிள், தூரமோ?"

இவருடைய உதட்டில் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இல்லைப் பிள்ளை," என்றார். "உதிலை கிட்டத்தான்."

கையை ஊன்றி எழும்பினார். வலக்கால். பிறகு இடக்கால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. திரும்ப வலக்கால். அனிஷா பின்பக்கமாக நடந்தபடி, வாயைத் திறந்தபடியே போனாள். நாதஸ்வரம் நின்றிருந்தது, இடக்கால் சீமெந்தில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாமி அறை வாசல்வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பார்த்தார்.

நான் கும்பிடக் கையெடுத்தேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்கு வடிவாகச் சொல்லத் தெரியாது.

படலையில்

அன்று அவள் புறப்படும்போது படலையடியில் நின்று நிலையத்துக்குப் போன் எடுத்தாள். நான் விபூதித் தட்டோடு பின்னால் போய் நின்றேன்.

"யெஸ், டொக்டர்," என்றாள். "ஹி வோக்ஸ்."

எனக்குப் பழகிப்போன காது. வோக்குக்கு முன்னால் எது நிற்கிறது என்று தேடியது. ஒன்றும் இல்லை. மேயும் இல்லை, குட்டும் இல்லை. வடம் பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. அவள் நெற்றியைக் காட்டினாள்; பூசிவிட்டேன்.

அவள் தேர் முடிய இங்கிலாந்து போய்விட்டாள். போன பிறகு ஒரு விடியற்காலை நான் அடுப்படியில் தேத்தண்ணிக் கேத்திலை ஏற்றிவிட்டு நின்றேன். பின்னால் சத்தம் கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் உரசியபடி. தனியாக நடக்கக் கூடாது என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டுப் போனவளை நினைத்தேன். திரும்பி ஓடிப்போய்ப் பிடிக்கக் கை துடித்தது.

திரும்பவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை.

சத்தம் வாசலடியில் வந்து நின்றது. கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"இஞ்சாரும்," என்றார், "தேத்தண்ணிக்குப் பால் விடாதையும். பிளேன்ரீ காணும்."